குப்பத்துக்கு வந்த அரசிதழ்: கடற்கரைச் சட்டத்தை யார் யாரெல்லாம் சேர்ந்து திருத்த வைத்தார்கள்?

ஐரோப்பாவில் சூழல் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து சட்டத்தை மாற்றுவது எப்படி என்று படிக்க ஆரம்பித்தால் எல்லா வழியும் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குத்தான் போகிறது. 1974 டிசம்பரில் அங்கே 'ஐரோப்பியச் சுற்றுச்சூழல் பணியகம்' தொடங்கப்பட்டது. பல நாட்டு அமைப்புகளுக்குப் பொதுவான ஒரு ஆபீஸ். பின்னால் பெரிய அமைப்புகள் பத்து சேர்ந்து 'கிரீன் 10' என்று ஒரு அணியாகவும் இயங்கின. சட்டம் ஒரே ஊரில் எழுதப்படுகிறது, அதனால் அதே ஊரில் நாமும் ஒரு மேசை போட்டு உட்காருவோம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு பலித்தும் இருக்கிறது. பறவைகள், வாழிடங்கள் பற்றிய இரண்டு பழைய சட்டங்களை (1979, 1992) மறுபரிசீலனை செய்கிறோம் என்று 2015ல் ஐரோப்பிய ஆணையம் சொன்னது. 'தளர்த்தப் போறாங்க' என்று அமைப்புகளுக்குச் சந்தேகம். எல்லோரும் சேர்ந்து ஒரே பிரச்சாரமாக நடத்தியதில், கருத்துக் கேட்புக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் குவிந்தன. 2016 டிசம்பரில் ஆணையம் 'சட்டத்தில் கை வைக்கவில்லை' என்று அறிவித்தது.

சரி, நம்ம ஊரில் இந்த மாதிரி நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. மந்தைவெளியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் பட்டினப்பாக்கம் கடற்கரையைப் புரிந்துகொள்ளவே அந்தக் கதை தெரிய வேண்டும். ஆனால் இங்கே பிரஸ்ஸல்ஸ் மேசை கிடையாது. கோர்ட், ஊர்வலம், தகவல் உரிமை மனு, மொழிபெயர்ப்பு, வரைபடம் என்று வேறு வேறு கருவிகள். சேர்ந்தவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. கூட்டணி எங்கே பலமாக இருந்தது, எங்கே விரிசல் விட்டது என்பதைத்தான் இந்தக் குறிப்பில் தொகுத்துப் பார்க்கிறேன்.

ஒரு கடிதம், ஒரு ஊர்வலம்

1981ல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடல் ஏற்றத்தின் உச்சக் கோட்டிலிருந்து குறைந்தது 500 மீட்டருக்குக் கடற்கரையைக் கட்டடம் இல்லாமல் விட்டுவைக்க வேண்டும் என்பது சாரம். அந்த 500 மீட்டர்தான் பிற்பாடு சட்டமானது. 1986ல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1991 பிப்ரவரி 19 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது. சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்வது இதைத்தான்.

மேலிருந்து வந்த கடிதம்தான் சட்டமாயிற்று என்று வரலாற்றை முடித்துவிடலாம். ஆனால் நடுவில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, மெரினா. 1985ல் கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த அரசு முயன்றது. நடுக்குப்பம், நொச்சிக்குப்பம், அயோத்தியாகுப்பம் பக்கத்து மக்கள் எதிர்த்தார்கள். டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து மீனவர்கள் உயிரிழந்தார்கள். 'கடற்கரையைப் பாதுகாக்கிறோம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் குப்பத்து ஆட்கள் ஏன் உடனே 'யாருக்காக?' என்று கேட்கிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, கன்னியாகுமரி. தேசிய மீனவர் பேரவை 1989 ஏப்ரலில் ஒரு நீண்ட பயணத்தை நடத்தியது. மேற்குக் கரையில் மும்பைப் பக்கத்திலிருந்து ஒரு குழு, கிழக்குக் கரையில் வங்காளத்திலிருந்து ஒரு குழு. ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டே வந்து மே 1 அன்று கன்னியாகுமரியில் சேர்ந்தார்கள். 'நீரைக் காப்போம், வாழ்வைக் காப்போம்' என்பதுதான் முழக்கம். மீனவர் சங்கங்களோடு விஞ்ஞானிகள், சூழல் ஆர்வலர்கள், பெண்கள் அமைப்புகள் எல்லாம் கலந்துகொண்ட பயணம் அது. முடிவுக் கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து அது கலைந்துபோனாலும், கடல் என்பது மீன்வளத் துறை விஷயம் மட்டும் இல்லை, சூழல் விஷயம் என்று மீனவர்களே முன்வைத்த இடம் அதுதான்.

வேதாரண்யமும் டெல்லியும்

1991 சட்டம் வந்தது. ஆனால் யாரும் மதிக்கவில்லை. தஞ்சை, நாகைக் கரையோரத்தில் 1990களில் இறால் பண்ணைகள் பெருகின. வயலில் உப்பேறியது, குடிநீர் கெட்டது, கடலுக்குப் போகும் பாதையை வேலி மறித்தது. இங்கே முதலில் எழுந்தவர் நகரத்துச் சூழல்வாதி இல்லை. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன். மனைவி கிருஷ்ணம்மாளுடன் சேர்ந்து 1981ல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பண்ணைகளை எதிர்த்து உண்ணாவிரதம், மறியல் எல்லாம் பார்த்த பிறகு 1994ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

அந்த வழக்கு எப்படி ஓடியது என்பதில்தான் கூட்டு வேலை தெரிகிறது. கிராமத்து ஆட்கள் உப்பான கிணற்றைக் காட்டினார்கள். நீதிமன்றம் 'நீரி' ஆய்வு நிறுவனத்தை அனுப்பி அறிக்கை வாங்கியது. வக்கீல்கள் 1991 அறிவிக்கையைக் கையில் எடுத்தார்கள். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது: 500 மீட்டருக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும், பாரம்பரிய முறைப் பண்ணைகளுக்கு மட்டும் விலக்கு. பழவேற்காடு, சிலிக்கா ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள்ளும் கூடாது.

அதே 1996 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு வந்திருந்தது. 1994ல் அரசு கொண்டுவந்திருந்த சில தளர்வுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கூடவே, மாநிலங்கள் தங்கள் கடற்கரைக்கு மேலாண்மைத் திட்டமும் வரைபடமும் உடனே தயாரிக்க வேண்டும் என்றது. இப்படி வந்ததுதான் 1996 வரைபடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இறால் தீர்ப்பு என்ன ஆயிற்று? சீராய்வு மனுக்கள், இடைக்காலத் தடைகள் என்று இழுத்து, கடைசியில் 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் என்று ஒன்று வந்தது. 1991 அறிவிக்கை இறால் பண்ணைகளுக்குப் பொருந்தாது என்பதை முன்தேதியிட்டே அது எழுதிவைத்தது. அந்த ஆணையத்தின் தலைமையகமும் சென்னையில்தான் இருக்கிறது. கோர்ட்டில் ஜெயித்ததை நாடாளுமன்றத்தில் திருத்திவிடலாம் என்ற பாடம் இரண்டு தரப்புக்கும் புரிந்தது. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 2008ல் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார்கள். அந்த நேரத்தில் கடற்கரைச் சட்டமே ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

சுனாமிக்குப் பிறகு

2004 டிசம்பர் 26. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த நாளைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 30 அன்று வந்த அரசாணை 172 பற்றி. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்கள் அதற்கு அப்பால் போனால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புது வீடு இலவசம். போக மாட்டேன் என்றால் இருக்கிற இடத்திலேயே சொந்தச் செலவில் சரிசெய்துகொள்ளலாம், அரசு உதவி கிடையாது.

காகிதத்தில் இது 'விருப்பத் தேர்வு'. நடைமுறையில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூரை போன குடும்பத்திடம் 'இங்கேயே இருந்தா ஒண்ணும் தர மாட்டோம்' என்று சொல்வது. சென்னைக் கரையிலிருந்து பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குப் போயின. கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பது மீன் விற்கும் பெண்ணுக்கு பஸ் காசாக, விடியற்கால நேரமாகத் தெரியும்.

இந்த இடத்தில் சூழல் அமைப்புகளுக்கும் மீனவர்களுக்கும் ஒரு தர்மசங்கடம். கடற்கரையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பது சூழல்வாதிகளுக்குப் பிடித்த விதி. ஓட்டலைத் தடுப்பதும் அதே விதிதான், குப்பத்தைக் கிளப்புவதும் அதே விதிதான். ஒரே கோடு, இரண்டு வேலை.

எம்.எஸ். சுவாமிநாதன் இரண்டு முறை

கதையின் மையம் 2008-09. 1991 அறிவிக்கை அதற்குள் சுமார் 25 முறை திருத்தப்பட்டிருந்தது. 2004ல் எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அவருடைய ஆய்வு நிறுவனம் தரமணியில் இருக்கிறது, நமக்குப் பக்கம்தான். 2005ல் குழு அறிக்கை கொடுத்தது. தடை போடுவதை விட மேலாண்மை செய்வது நல்லது என்பது அதன் போக்கு. அதை வைத்து அமைச்சகம் 2008 மே 1 அன்று கடலோர மேலாண்மை மண்டலம், சி.எம்.இசட்., என்று ஒரு வரைவை வெளியிட்டது. நிலையான 500 மீட்டருக்குப் பதிலாக, அபாயத்தைக் கணக்கிட்டு இடத்துக்கு இடம் ஒரு பின்வாங்கு கோடு. கேட்க அறிவியல் மாதிரிதான் இருக்கும். ஆனால் கோட்டை யார் வரைவது? கோட்டுக்கு வெளியே துறைமுகமும் தொழிற்பேட்டையும் வரலாமா? வரைவில் இதற்குச் சரியான பதில் இல்லை.

அதே மே 1ல் தேசிய மீனவர் பேரவை குஜராத்தின் ஜக்காவிலிருந்து ஒரு பயணத்தைத் தொடங்கி, கரையோரமாகவே வந்து ஜூன் 27ல் கொல்கத்தாவில் முடித்தது. 1989 பயணத்தின் மறுபதிப்பு என்று சொல்லலாம். ஆனால் இந்த முறை கையில் ஒரு வரைவுச் சட்டம் இருந்தது. அதன் ஒவ்வொரு பிரிவையும் பிரித்துச் சொல்ல ஆய்வு அமைப்புகளும் சட்டம் தெரிந்தவர்களும் கூட வந்திருந்தார்கள். ஆங்கில அரசிதழை உள்ளூர் மொழியில் விளக்கும் கூட்டங்கள் கரை முழுக்க நடந்தன. அமைச்சகம் சுற்றுச்சூழல் கல்வி மையத்தின் மூலம் 35 இடங்களில் கருத்துக் கேட்டது. திரும்பத் திரும்ப வந்த பதில் ஒன்றுதான்: 'இது வேண்டாம். பழைய சட்டத்தை ஒழுங்கா அமல்படுத்துங்க.'

இதைத்தான் நான் முக்கியமான நகர்வு என்று நினைக்கிறேன். மீனவர்களுக்கு 1991 சட்டம் முழுத் திருப்தி இல்லை. வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் அது இடைஞ்சல். சூழல் அமைப்புகளுக்கோ அதன் தடைகள்தான் உயிர். இருவரும் தங்கள் வேறுபாட்டை மறைக்கவில்லை. 'இருக்கிற கோட்டை அழிக்காதே' என்ற ஒரே வாக்கியத்தில் மட்டும் சேர்ந்தார்கள். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

நாடாளுமன்றக் குழுவும் அவசரப்பட வேண்டாம் என்றது. 2009ல் அமைச்சராக வந்த ஜெய்ராம் ரமேஷ் நால்வர் குழு ஒன்றைப் போட்டார்: எம்.எஸ். சுவாமிநாதன், சுனிதா நாராயண், சைலேஷ் நாயக், ஜே.எம். மௌஸ்கர். தலைவர் அதே சுவாமிநாதன். ஜூலையில் வந்த அவர்களுடைய அறிக்கை, சி.எம்.இசட். வரைவை அப்படியே காலாவதியாக விட்டுவிடலாம் என்றது. காலாவதியும் ஆனது. தன் அறிக்கையிலிருந்து முளைத்த வரைவை மூட ஒரு விஞ்ஞானியே தலைமை தாங்கினார் என்றால், கரையிலிருந்து எழுந்த குரலுக்கு அவ்வளவு எடை இருந்தது என்று அர்த்தம்.

அடுத்து அமைச்சரே சென்னை உள்ளிட்ட கடலோர நகரங்களில் மீனவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். 2011 ஜனவரி 6ல் புது சி.ஆர்.இசட். வந்தது. கட்டுமானம் கூடாத பகுதியிலும், பாரம்பரியக் கடலோர மக்கள் 100 முதல் 200 மீட்டருக்குள் வீடு கட்டலாம் என்ற விதி சேர்ந்தது. காட்டு மக்களுக்கு 2006ல் வந்த வன உரிமைச் சட்டம் போல மீனவர்களுக்கும் ஒரு தனி உரிமைச் சட்டம் வேண்டும் என்பது பெரிய கோரிக்கை. அது மட்டும் வரவே இல்லை.

நம்ம தெருப் பக்கம்

அதே ஆண்டுகளில் நம் பகுதியில் ஒரு சின்னக் கூட்டணி உருவானது. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடற்கரையோரமாக உயர்மட்டச் சாலை என்று ஒரு திட்டம். பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், அடையாறு முகத்துவாரம், ஊரூர் ஆல்காட் குப்பம் எல்லாம் அதன் வழியில். மீனவர் ஊர்ச் சபைகள், பெசன்ட் நகர் குடியிருப்போர், கல்லூரி மாணவர்கள், 1988 முதல் ஆமை முட்டை பாதுகாத்துவரும் மாணவர் குழு, எல்லோரும் எதிர்த்தார்கள். ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு நடைப்பயிற்சி, ஒருவருக்கு ஆமை. சாலை கிடப்பில் போனது. யோசனை மட்டும் அவ்வப்போது எழுந்து உட்காருகிறது.

ஆனால் சாலை வரும்போது சேர்ந்த கைகள் மற்ற நாளில் சேருவதில்லை. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அந்த ரோடு போடுவதற்கு முன்பே அங்கே இருந்த ஊர்கள் அவை. 2024 ஆகஸ்டில் புது மீன் அங்காடி திறந்து பிரச்சனைக்கு ஒரு முடிவு கட்டினார்கள். நடுவில், மயிலாப்பூர் மந்தைவெளிப் பக்கத்து ஆட்களான நாம் என்ன செய்தோம்? பெரும்பாலும், டிராஃபிக் குறைந்ததா என்று பார்த்தோம். நமக்கு பீச் என்றால் காற்று. அவர்களுக்கு அது வலை காயப்போடுகிற முற்றம். நம்ம பேட்டையின் பெயரைப் பிரித்தாலே மந்தை, வெளி. மாடு மேய்ந்த பொதுநிலம். மேய்ச்சல் வெளி போய்விட்டது, பெயர் மிச்சம். கடற்கரையும் அப்படித்தான் ஆகுமா என்பது வெறும் அழகியல் கேள்வி இல்லை.

வரைபடம்தான் அடுத்த களம்

2014ல் மறுபடி ஒரு குழு. தலைவர் சைலேஷ் நாயக், 2009 நால்வரில் ஒருவர். இந்த முறை அறிக்கை வெளியிலேயே வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, தகவல் ஆணையம் வரை போய்த்தான் வாங்க முடிந்தது. 2018 ஏப்ரலில் வரைவு வந்தது. எதிர்ப்பும் வந்தது. ஆனால் 2019 ஜனவரி 18ல் புது அறிவிக்கை வெளியாகிவிட்டது. மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கிராமப்புறக் கரையில், கட்டுமானம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. 2009ல் ஜெயித்த அதே கூட்டணி, பத்து வருஷத்தில் தோற்றது. ஆட்களும் வாதங்களும் அநேகமாக அதேதான். ஊர் ஊராக உட்கார்ந்து கேட்கும் அரசு மட்டும் இல்லை.

இன்னொன்றும் உண்டு, மொழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள் இன்று 24 மொழிகளிலும் வெளியாகின்றன. இங்கே அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். 2020ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னபோது, மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. தமிழில் படித்துக் கருத்துச் சொல்ல ஒரு மீனவருக்கு உரிமை உண்டா என்பதே வழக்காகிற நாட்டில், மொழிபெயர்ப்பவர்தான் கூட்டணியின் முதல் உறுப்பினர்.

இனி 1996 வரைபடத்துக்கு வருவோம். எண்ணூர் கழிமுகம் அதில் தெளிவாக இருந்தது. 2017ல் மாநில அதிகாரிகள் தகவல் உரிமை மனுவுக்குப் பதிலாகக் கொடுத்த வரைபடத்தில் கழிமுகமே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டித்தான் எண்ணூர் மீனவர்களும் சூழல் குழுக்களும் வாதாடினார்கள். டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' 2017 ஜனவரியில் வந்ததும் அந்தக் கழிமுகத்துக்காகத்தான். கர்னாடக இசையும் குப்பமும் ஒரே மேடையில் நிற்பது கூட்டணியின் இன்னொரு வடிவம்.

2019 அறிவிக்கைப்படி தமிழ்நாட்டுக்கான வரைவு வரைபடங்கள் 2023ல் கருத்துக் கேட்புக்கு வந்தன. ஊர்களும், படகு நிறுத்தும் இடங்களும், மீன்பிடி இடங்களும் விடுபட்டிருக்கின்றன, மீனவர்க்கான நீண்டகால வீட்டுத் திட்டம் இல்லை என்று கரை நெடுக ஆட்சேபம். சென்னையில் மீனவ இளைஞர்கள் சிலர் தாங்களே ஜி.பி.எஸ். கருவியை எடுத்துக்கொண்டு, வலை காயும் இடம், படகு ஏறும் இடம், மீன் விற்கும் இடம் என்று குறித்து வரைபடம் போட்டார்கள். அரசு வரைபடத்தில் காலி மணலாகத் தெரியும் இடம் இதில் பெயர்களால் நிறைந்திருக்கும்.

ஐரோப்பாவில் 5 லட்சம் பதில்கள் ஒரு சட்டத்தைக் காப்பாற்றின. இங்கே 2020 வரைவுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிய மின்னஞ்சல்கள் போயின. எண்ணிக்கையில் நாம் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் இந்த வரலாற்றில் அசைந்த தருணங்களைப் பார்த்தால், உப்பான கிணற்றைக் காட்டிய வேதாரண்யம், பிரிவு பிரிவாக விளக்கிய 2008 கூட்டங்கள், கழிமுகம் காணாமல்போன எண்ணூர் வரைபடம் என்று எல்லாமே இடம் தெரிந்தவரும் சட்டம் தெரிந்தவரும் ஒரே பாயில் உட்கார்ந்த தருணங்கள். பட்டினப்பாக்கத்துக்கான வரைபடத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்க அரை நாள் போதும். ஆனால் மந்தைவெளிக்காரர் தனியாகப் பார்த்தால் கோடு மட்டும்தான் தெரியும். எந்தக் கோட்டுக்குள் யாருடைய வலை காய்கிறது என்று சொல்ல, சீனிவாசபுரத்துக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும்.